சின்னக் காலேஜை எடுத்து பிளேஆஃப் வரை: காலேஜ் ஃபுட்பால் 25 டைனஸ்டி வழிகாட்டி

காலேஜ் ஃபுட்பால் 25 என்பது அமெரிக்கன் ஃபுட்பால் வீடியோ கேம். அதில் கோச்சாக ஒரு காலேஜ் டீமைப் பல சீசன் நடத்துகிற மோடுதான் டைனஸ்டி. அது கவிழ்வது பெரும்பாலும் மூன்றாவது சீசனில்தான். முதல் இரண்டு வருடம் ஏற்கெனவே இருக்கிற சீனியர்களை வைத்து ஓட்டிவிடலாம். அவர்கள் படிப்பை முடித்துப் போனதும் பந்துக்கு முன்னால் நின்று மோதும் வரிசையான லைனில் நிற்க ஆளிருக்காது. அதனால் இந்த வழிகாட்டியில் மைதானத்தைவிட பள்ளிப் பையன்களை டீமுக்கு இழுக்கும் ரெக்ரூட்டிங் திரைக்குத்தான் இடம் அதிகம். இந்த மோடில் ஜெயிப்பதும் தோற்பதும் அங்கேதான்.

இஏ ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்பால் 25 வெளியானது 2024 ஜூலை 19-இல். 2013-இல் வந்த என்சிஏஏ ஃபுட்பால் 14-க்குப் பிறகு இந்த வரிசையில் வந்த முதல் கேம் இது. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் தவிர வேறு எதிலும் ஓடாது, பிசிக்கும் கிடையாது. மொத்தம் 134 காலேஜ் டீம். கோச்சாக 30 சீசன் வரை ஆடலாம். அடுத்த வருடம் வந்த 26-இலும் அடிப்படை இதேதான், ஆனால் இங்கே சொல்லும் எண்கள் எல்லாம் 25-க்கு உரியவை.

வீட்டு ஏற்பாடு

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லி டிஸ்க் வாங்கி வரச் சொன்னால், இங்கே வாங்கிய பிஎஸ்5-இலும் அது ஓடும். பிஎஸ்5 டிஸ்குகளுக்கு நாட்டுப் பூட்டு இல்லை. ஆனால் கூடுதலாக வாங்கும் டவுன்லோட் குறியீடுகள் அக்கவுன்ட் எந்த நாட்டில் திறந்ததோ அதைப் பார்க்கும். அதனால் டிஸ்குடன் குறியீடும் சேர்ந்த விலை உயர்ந்த பதிப்பைக் கேட்க வேண்டாம், சாதாரணப் பதிப்பு போதும்.

மதுரையில் இந்த கேமுக்கு முதல் எதிரி கரண்ட். ஒரு வாரத்து ரெக்ரூட்டிங்கை முடித்து ‘அட்வான்ஸ்’ அழுத்தியதும் கேம் நாடு முழுக்க நடந்த ஆட்டங்களையும் கணக்குப் போட்டு எழுதும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் சேவ் ஃபைல் கெட்டுப்போகலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். நார்மலில் இருந்தால் ஃபேனும் லைட்டும் தாங்கும், கன்சோல் அணைந்து மறுபடி எழும். யுபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டால் மாறும் நேரம் குறைந்து கன்சோல் அப்படியே ஓடும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் 1000 விஏ யுபிஎஸ் ஒன்று போதும். கன்சோல் ஆட்டத்தின்போது 200 வாட் அளவுக்கு இழுக்கும், டிவியையும் சேர்த்தால் சேவ் செய்து அணைக்கச் சில நிமிடம் கிடைக்கும். மூன்று சேவ் ஃபைல் வைத்து மாறி மாறி எழுதுங்கள். சித்திரை வெயிலில் கன்சோலை டிவி ஸ்டாண்டின் மூடிய தட்டுக்குள் வைக்காதீர்கள்.

எந்தக் காலேஜ்

அலபாமாவையோ ஜார்ஜியாவையோ எடுத்தால் பையன்கள் தாமே வந்து சேர்வார்கள், கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. டெக்ஸாஸில் இருக்கும் சின்னக் காலேஜ் ஒன்றை எடுங்கள். சான் அன்டோனியோவில் இருக்கிற யுடிஎஸ்ஏ நல்ல தேர்வு, சான் மார்கோஸில் இருக்கிற டெக்ஸாஸ் ஸ்டேட்டும் அப்படித்தான். காரணம், நாட்டிலேயே அதிகப் பையன்கள் வரும் மாநிலங்களில் டெக்ஸாஸ் ஒன்று.

கோச்சை உருவாக்கும்போது மோட்டிவேட்டர், ரெக்ரூட்டர், டாக்டீஷியன் என்று மூன்று வகை கேட்கும். சின்னக் காலேஜுக்கு ரெக்ரூட்டர். பைப்லைன் என்று ஒரு பகுதியையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும், காலேஜ் இருக்கும் பகுதியையே கொடுங்கள். அந்தப் பகுதிப் பையன்களிடம் நீங்கள் போடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூடுதல் பலன் கிடைக்கும்.

தூரம் இங்கே பெரிய விஷயம், ஆனால் நமக்கு அந்த ஊர்களின் தூரம் கைவசம் இல்லை. இப்படி மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சான் அன்டோனியோவிலிருந்து டாலஸ் என்பது மதுரையிலிருந்து சென்னை. ஹூஸ்டன் என்பது திருவனந்தபுரம். மயாமி பையனைக் கூப்பிடுவது டெல்லிக்காரனை மதுரைக்கு வரச் சொல்வது. ‘வீட்டுக்குப் பக்கம்’ முக்கியம் என்று சொல்லும் பையனாக இருந்தால் முதல் இரண்டு ஊர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாரத்து மணி நேரம்

ஒவ்வொரு வாரமும் ரெக்ரூட்டிங்குக்கு இவ்வளவு மணி நேரம் என்று கேம் தரும். மிச்சம் வைத்தால் அடுத்த வாரத்துக்கு வராது. நீங்கள் துரத்தும் பையன்களின் பட்டியலான போர்டில் 35 பேரைச் சேர்க்கலாம், ஒருவருக்கு வாரம் அதிகபட்சம் 50 மணி நேரம். 35 இடமும் நிரம்பட்டும் என்று எல்லோருக்கும் பத்துப் பத்தாகப் பிரித்துப் போடுவதுதான் சின்னக் காலேஜை அழிக்கிற தவறு. எல்லாப் பையன்களிடமும் மூன்றாவது இடம் கிடைக்கும், ஒருவரும் வரமாட்டார்கள்.

விலை இது: ஸ்காலர்ஷிப் ஆஃபர் 5 மணி நேரம், சோஷியல் மீடியாவில் தேடுவது 5, நேரடியாக மெசேஜ் அனுப்புவது 10, குடும்பத்தையும் நண்பர்களையும் தொடர்புகொள்வது 25, எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டும் ‘சென்ட் தி ஹவுஸ்’ 50.

கையில் 350 மணி நேரம் இருக்கிறது என்று வையுங்கள். கட்டாயம் வேண்டிய நான்கு பேருக்கு 50 வீதம் 200. அடுத்த ஐந்து பேருக்கு 25 வீதம் 125. மிச்சம் 25-இல் புதிதாக ஐந்து பேருக்கு ஆஃபர். முதல் நான்கில் ஒருவர் சரி என்று சொன்னதும் அந்த 50-ஐ உடனே கீழே இருப்பவருக்கு மாற்ற வேண்டும். அட்வான்ஸ் அழுத்தும் முன் திரையின் மேலே மிச்ச மணி பூஜ்யமா என்று ஒரு தடவை பார்க்கும் பழக்கம் வேண்டும்.

ஆஃபரை சீசன் ஆரம்பிக்கும் முன்னரே கொடுங்கள். ஐந்து நட்சத்திரப் பையன்களை முதல் வருடம் தொடவே வேண்டாம், பெரிய காலேஜ்கள் அங்கே 50, 50-ஆகக் கொட்டும். மூன்று நட்சத்திரத்தில் தேடி ஸ்காவுட் செய்யுங்கள், அதாவது ஆளின் உண்மைத் திறமையைச் சோதியுங்கள். பச்சை ரத்தினக் குறி வந்தால் நட்சத்திரம் காட்டுவதைவிட ஆள் நல்லவர். சிவப்புக் குறி வந்தால் எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் போர்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு பையனுக்கும் ஒரு காலேஜில் முக்கியமாகப் படுவது மூன்று விஷயம். ஆடும் வாய்ப்பு, ஆடும் பாணி, ஸ்டேடியச் சூழல், படிப்பின் மதிப்பு, கோச்சின் நிலைத்தன்மை, வீட்டுக்குப் பக்கம் என்பவை உட்பட மொத்தம் 14 இருக்கின்றன. உங்கள் காலேஜுக்கு ஒவ்வொன்றிலும் ஏ முதல் எஃப் வரை கிரேடு உண்டு. பையனுடைய பட்டியல் குறுகி நீங்கள் அதில் இருக்கும்போது ‘சாஃப்ட் செல்’ 20 மணி நேரத்துக்கும், ‘ஹார்ட் செல்’ 40-க்கும், அவர் மனதை மாற்றும் ‘ஸ்வே’ 30-க்கும் திறக்கும். பையனின் மூன்று விஷயமும் தெரிந்து, மூன்றிலும் உங்கள் கிரேடு பி-க்குக் குறையாமல் இருந்தால் ஹார்ட் செல்தான் சிறந்தது, 50 மணி நேரச் செலவைவிட நன்றாக வேலை செய்யும். ஒன்றுகூடப் பொருந்தவில்லை என்றால் அந்த 40-உம் வீண். அப்போது சென்ட் தி ஹவுஸிலேயே இருங்கள்.

டீல்பிரேக்கர் என்று ஒன்று தனியாக இருக்கும், அது சரியில்லையென்றால் பையன் வரவோ தங்கவோ மாட்டார். அதை முதலில் படியுங்கள். ஆடும் வாய்ப்பு டீல்பிரேக்கராக உள்ள கியூபி (பந்தை வீசும் குவார்ட்டர்பேக்) ஒருவரைச் சேர்த்து, மூன்றாவது ஆளாக பெஞ்சில் உட்கார வைத்தால் ஒரே வருடத்தில், வேறு காலேஜுக்கு மாற விரும்புவோர் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்துவிடுவார்.

கேம்பஸுக்கு வரவழைக்கும் ‘விசிட்’ 40 மணி நேரம். சொந்த ஊர் ஆட்டத்தன்றுதான் வைக்க முடியும், ஒரு ஆட்டத்துக்கு நான்கு பேர் வரை. கட்டாயம் ஜெயிக்கக்கூடிய ஆட்டத்தைப் பாருங்கள், தோற்றால் வந்தவரின் ஆர்வம் குறையும். கியூபியையும் அவர் வீசுவதைப் பிடிக்கும் ரிசீவரையும் ஒரே நாளில் அழைத்தால் இருவருக்கும் கூடுதல் பலன். ஒரே பொசிஷனில் இருவரை அழைத்தால் இருவரிடமும் நஷ்டம்.

மைதானத்தில்

நான்கு முயற்சியில் பந்தை 10 கெஜம் நகர்த்த வேண்டும் என்பது தெரிந்தால் வர்சிட்டி என்கிற கடின அளவில் ஆரம்பிக்கலாம். அதற்கு மேல் ஆல்-அமெரிக்கன், ஹைஸ்மன்.

காலேஜ் ஆட்டத்தின் உயிர் ஆப்ஷன் ஓட்டம்தான். பந்தைத் தானே வைத்துக்கொள்வதா, எச்பியிடம் (பந்தோடு ஓடும் ஹாஃப்பேக்) கொடுப்பதா என்று கியூபி அந்த நொடியில் முடிவு செய்வதுதான் ஆப்ஷன். உங்கள் ஆட்கள் பிளாக் செய்யாமல் (தடுக்காமல்) விட்ட டிஃபென்சிவ் எண்டை, அதாவது எதிர் லைனின் ஓரத்து ஆளை, மட்டும் பாருங்கள். அவர் எச்பியை நோக்கிப் பாய்ந்தால் கியூபியே பந்தை வைத்துக்கொண்டு ஓட வேண்டும். நின்ற இடத்தில் நின்றால் எச்பியிடம் கொடுங்கள். கண் பந்துக்குப் போனால் இது வராது.

அடுத்த ஊர் ஸ்டேடியத்தில் சத்தம் ஏறும்போது திரை அதிரும், ரிசீவர் ஓடும் கோடுகள் நெளிந்து கோணலாகும். கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், அது கேமின் வேலை. மனப்பாடமாகத் தெரிந்த ஐந்தாறு சின்னப் பாஸ்களை அந்த நேரத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குகிற ஒவ்வொரு அடியையும் கேம் உடம்பின் பகுதிவாரியாகக் கணக்கு வைக்கும். ஒரே எச்பியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் நான்காவது குவார்ட்டரில் அவர் வேகம் இறங்கியிருக்கும். இரண்டாவது எச்பிக்கு ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கொடுங்கள்.

சாம்பியனை முடிவு செய்யும் 12 டீம் பிளேஆஃபில் ஐந்து இடம் ரேங்க்கில் உயர்ந்த கான்ஃபரன்ஸ் (காலேஜ்கள் சேர்ந்த லீக்) சாம்பியன்களுக்கு. பெரிய கான்ஃபரன்ஸ்கள் நான்கு என்பதால் ஐந்தாவது இடம் பெரும்பாலும் சின்ன கான்ஃபரன்ஸ் ஒன்றுக்கு வரும். எனவே ஆரம்பத்தில் பெரிய காலேஜிடம் தோற்றதற்காக சேவ் ஃபைலை அழிக்க வேண்டாம். கான்ஃபரன்ஸ் கோப்பைதான் வழி.

சீசன் முடிந்ததும்

போகிறேன் என்கிறவர்களில் சிலரைப் பேசி நிறுத்தலாம். அடுத்து நான்கு வாரம் போர்ட்டல். போர்ட்டலில் ஓட்டையை அடைக்க மட்டும் ஆள் எடுங்கள், குறிப்பாக லைனுக்கு. கடைசியில் டீம் 85 பேருக்குள் இருக்க வேண்டும். சரியான பங்கீடு: கியூபி 4, எச்பி 5, ரிசீவர் 10, டைட் எண்ட் 5, ஆஃபென்சிவ் லைன் 16, டிஃபென்சிவ் லைன் 16, லைன்பேக்கர் 11, கார்னர் 8, சேஃப்டி 8, கிக்கர் 1, பன்டர் 1. வெட்டும்போது ரேட்டிங்கை மட்டும் பார்க்காதீர்கள். டெவலப்மென்ட்டில் (திறமை வளரும் வேகம்) நார்மல் என்று இருக்கும் மூன்றாம் வருடப் பையனை அனுப்பிவிட்டு, ஸ்டார் அல்லது எலீட் என்று இருக்கும் முதல் வருடப் பையனை ரெட்ஷர்ட்டில் வையுங்கள், அதாவது அந்த வருடம் ஆடவிடாமல் அவருடைய தகுதி வருடத்தைச் சேமியுங்கள். நான்கு ஆட்டத்துக்கு மேல் இறக்கினால் ரெட்ஷர்ட் போய்விடும்.

ரோடு டு குளோரி என்கிற தனி வீரர் மோடில் கியூபி, எச்பி, ரிசீவர், நடு லைன்பேக்கர், கார்னர் ஆகிய ஐந்து பொசிஷன்கள்தான். அங்கே கோச்சின் நம்பிக்கை உயர்ந்தால்தான் களமிறங்க முடியும். படிப்பு மார்க்கையும் விடக்கூடாது.

சொந்தக்காரர்களோடு ஆட

ஆன்லைன் டைனஸ்டியில் 32 பேர் வரை சேரலாம், எல்லோரிடமும் ஒரே வகைக் கன்சோல் இருக்க வேண்டும். மதுரைக்கும் டெக்ஸாஸுக்கும் இடையே சிக்னல் தாமதத்தால் நேருக்கு நேர் ஆட்டத்தில் பாஸ் டைமிங் கெடும். அதனால் வேறு வேறு கான்ஃபரன்ஸில் காலேஜ் எடுத்து, வாராவாரம் கம்ப்யூட்டரோடு ஆடிவிட்டு பிளேஆஃபில் மட்டும் மோதுங்கள். டைனஸ்டியை நடத்தும் கமிஷனராக ஒருவரை வைத்து, அட்வான்ஸ் நேரத்தை நம் ஞாயிறு காலை 7 மணி என்று முடிவு செய்யுங்கள். டெக்ஸாஸில் அப்போது சனிக்கிழமை இரவு 8:30, நவம்பரில் அங்கே கடிகாரத்தை மாற்றியபின் 7:30.