ஸ்டில் கேமராவில் வீடியோ: கல்யாண மண்டபத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2008-ல் நிக்கான் டி90 வந்த நாளிலிருந்தே ஸ்டில் கேமராவில் வீடியோ வசதி இருக்கிறது. அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட கேனான் 5டி மார்க் 2 முழு எச்.டி.யையும் கொடுத்தது. அப்படியும் அந்தச் சிவப்புப் பொத்தானைத் தொடாமலே கேமராவை மாற்றிய கல்யாண போட்டோகிராபர்கள் உண்டு. இப்போது ஆல்பம் பேசும்போதே "அப்படியே ரெண்டு ரீல்ஸும் போட்டுக் குடுத்துடுங்க" என்கிறார்கள். தொடாமல் இருக்க முடியாது.

இங்கே சறுக்குவது பெரும்பாலும் கேமரா தெரியாததால் அல்ல. ஸ்டில்லில் கையில் ஊறிப்போன நல்ல பழக்கங்களே வீடியோவில் காலை வாரிவிடுகின்றன. வேகமான ஷட்டர், பிளாஷ், முழுசாகத் திறந்த லென்ஸ், 'ரா'வில் (கேமரா திருத்தாமல் சேமிக்கும் மூலப்படம்) சரிசெய்துகொள்ளலாம் என்ற தைரியம், ஒரு படம் கிடைத்ததும் அடுத்ததற்கு ஓடுவது எல்லாமே இந்த வகைதான்.

ஷட்டரும் மண்டப விளக்கும்

ஸ்டில்லுக்கு வைத்த 1/250 நொடி ஷட்டரை மாற்றாமல் ரெக்கார்டை அழுத்துவதுதான் முதல் தவறு. தனித்தனி ஃபிரேமாகப் பார்த்தால் கூர்மையாக இருக்கும். ஓடவிட்டால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். ஷட்டர், நொடிக்கான ஃபிரேம் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். 25 ஃபிரேமுக்கு 1/50, 50 ஃபிரேமுக்கு 1/100.

இந்தக் கணக்கு நம் ஊர் மின்சாரத்துக்கும் பொருந்துகிறது. 50 ஹெர்ட்ஸில் ஓடும் பழைய சோக் டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 1/100-ல் ஒரு முழுச் சுற்று வெளிச்சமும் 1/50-ல் இரண்டு முழுச் சுற்றும் ஒவ்வொரு ஃபிரேமிலும் விழும். 1/60, 1/125 என்று வைத்தால் அரைகுறைச் சுற்று விழுந்து, படத்தின் மேல் கறுப்புப் பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கும். கேமரா என்.டி.எஸ்.சி.யில் (அமெரிக்க வீடியோ முறை) இருந்தால் 24, 30, 60 ஃபிரேம்தான் கிடைக்கும்; ஷட்டரை ஆட்டோவில் விட்டால் 1/60-க்குப் போய் நிற்கும். மெனுவில் பி.ஏ.எல். (25, 50 ஃபிரேம் தரும் முறை) என்று மாற்றிவிடுங்கள். இதை முதல் நாள் இரவே செய்வது நல்லது, ஏனென்றால் சில பழைய சோனி கேமராக்கள் மாற்றியவுடன் கார்டை மறுபடி ஃபார்மட் செய்யச் சொல்லும். கூட வேலை செய்பவர் கேமராவிலும் 25-தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவர் 25, இன்னொருவர் 30 என்றால் எடிட்டிங்கில் தட்டித் தட்டி ஓடும்.

மண்டபத்துக்குள் 100 ஃபிரேம் ஸ்லோமோஷன் ஆசையையும் இதே காரணத்துக்காக விட்டுவிடலாம். அங்கே ஷட்டர் 1/200, அதாவது அரைச் சுற்று. விளக்கு துடிப்பது அப்படியே தெரியும். 50 ஃபிரேமில் எடுத்து 25-ல் ஓட்டினால் பாதி வேகம் கிடைக்கிறது, பெண் நடந்து வருவதற்கு அது போதும். மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. வால் (சுவர் போன்ற பெரிய திரை) இருந்தால் 1/50-லும் கோடு வரலாம். அதன் துடிப்பு மின்சாரத்தோடு ஒத்துப்போவதில்லை. பத்து விநாடி எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஷட்டரைத் தசமக் கணக்கில் நகர்த்தும் வசதி இருக்கும் கேமராவில் கோடு மறையும் இடத்தைத் தேடிப் பிடிக்கலாம்.

வெளியே போனால் பிரச்சினை தலைகீழ். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் திறப்பு எஃப்/2.8 என்றால் சரியான ஷட்டர் 1/3200. அதை 1/50-க்கு இறக்க 6 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பாதியாக) வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், அதாவது லென்ஸ் முன் மாட்டும் என்.டி.64 என்ற கறுப்புக் கண்ணாடி ஃபில்டர். லாக் ப்ரொஃபைலில் (பிறகு நிறம் திருத்துவதற்காக வெளிறிய படமாகப் பதியும் முறை) ஐ.எஸ்.ஓ. 800-க்குக் கீழே இறங்காத கேமரா என்றால் இன்னும் 3 ஸ்டாப். ஃபில்டர் வாங்காமல் அவுட்டோர் வீடியோவுக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். திருகிக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் என்.டி.யைக் கடைசி வரை திருகினால், வைட் லென்ஸில் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போல நிழல் விழும்.

'பிறகு சரிசெய்யலாம்' வேண்டாம்

பெரும்பாலான ஸ்டில் கேமராக்களின் வீடியோ, ஜேபெக் மாதிரி. வைட் பேலன்ஸ் (விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையைச் சரிசெய்வது) படத்தோடு சேர்ந்தே பதிந்துவிடும். ஆட்டோவில் விட்டால், மஞ்சள் பட்டுப்புடவைக்காரர் ஒருவர் குறுக்கே போனாலே ஒரே கிளிப்புக்குள் நிறம் மாறும். மேடைக்கு ஒரு கெல்வின் எண் (விளக்கின் நிற அளவு), சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒன்று என்று கையால் வையுங்கள். ஜீப்ராவை (வெளிச்சம் அதிகமான இடத்தில் திரையில் கோடு காட்டும் வசதி) 95-ல் போட்டு, மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டு வேட்டியில் கோடுகள் லேசாகத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே எக்ஸ்போஷரை நிறுத்துங்கள். வேட்டி வெளுத்துப்போனால் திரும்பக் கிடைக்காது. இருட்டாக எடுத்துத் தூக்கினால் நிழலெல்லாம் புள்ளி புள்ளியாக வரும்.

8-பிட் கேமராவில் (குறைந்த நிறப் படிகளே பதியும்) லாக் போடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கலர் கிரேடிங்கில் இழுக்கும்போது ஒரே நிறச் சுவரிலும் வானத்திலும் படிக்கட்டு போல நிறம் பிரியும். சாதாரண ப்ரொஃபைலில் கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் குறைத்து எடுத்தால் போதும்.

கிட் லென்ஸில் ரெக்கார்ட் ஓடும்போது ஜூம் செய்யாதீர்கள். 18-ல் எஃப்/3.5 இருப்பது 55-க்குப் போகும்போது 5.6 ஆகிவிடும், படம் கண்ணெதிரே இருட்டும். 4கே-வில் படம் எவ்வளவு வெட்டப்படுகிறது என்பதையும் முன்பே பாருங்கள். கேனான் 200டி மார்க் 2-ல் 4கே போட்டால் 18 மி.மீ. லென்ஸ் ஃபுல் ஃபிரேமில் 50-ஐ நெருங்கிய கோணத்துக்குக் குறுகிவிடும், வேகமான ட்யூயல் பிக்சல் ஃபோகஸும் வேலை செய்யாது. அந்தக் கேமராவில் முழு எச்.டி.யில் எடுப்பதே புத்திசாலித்தனம்.

ஃபோகஸில் ஒரு கணக்கு. ஃபுல் ஃபிரேமில் 85 மி.மீ., எஃப்/1.8, 2 மீட்டர் தூரம் என்றால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 6 செ.மீ.தான். ஸ்டில்லில் பத்தில் ஒன்று சரியாக விழுந்தால் போதும். வீடியோவில் மணப்பெண் தலையைச் சாய்க்கும் ஒவ்வொரு முறையும் கண் தெளிவுக்கு வெளியே போய்த் திரும்பும். எஃப்/4 வைத்தால் ஆழம் இரட்டிப்புக்கு மேல்.

சத்தம்

படம் சுமாராக இருந்தாலும் மன்னிப்பார்கள். தாத்தா சொன்ன ஆசீர்வாதம் காதில் விழாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். கேமராவுக்குள் இருக்கும் மைக்கில் லென்ஸ் மோட்டார், விரல் உரசல், பக்கத்து ஃபேன் எல்லாம் பேச்சைவிட முன்னால் நிற்கும். காலர் மைக் வேண்டும். செல்போனுக்காக வாங்கிய காலர் மைக்கின் பிளக்கில் மூன்று வளையக் கோடுகள் இருக்கும். கேமராவுக்கு இரண்டு கோடு உள்ள பிளக் தேவை. மாற்றிச் செருகினால் சத்தம் பதியாமலோ இரைச்சலாகவோ போகும். அதற்கு மாற்று அடாப்டர் கிடைக்கிறது.

மைக்கை மாப்பிள்ளைக்கு மாட்டினால் மாலை மாற்றும்போதே பூ உரசத் தொடங்கிவிடும். நகை உரசும் என்பதால் பெண்ணுக்கும் சரிவராது. சடங்கு செய்யும் ஐயரிடம் கேட்டுக்கொண்டு, அங்கவஸ்திரத்தின் ஓரத்தில் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குத்துவது நல்லது. மணமக்கள் இருவரும் அவர் அருகிலேயே இருப்பதால் அவர்கள் சொல்வதும் கேட்கும்.

லெவலை ஆட்டோவில் விடக் கூடாது. மந்திரம் மெதுவாக இருக்கும்போது ஆட்டோ லெவல் ஏறிக்கொண்டே போகும். "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றதும் தவில் விழும் முதல் அடியிலேயே சத்தம் பிளந்துவிடும். ஆல்பத்தின் மிக முக்கியமான விநாடி அதுதான். மேளக்காரர்கள் முன்னதாக வாசிக்கும்போதே உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்துப் பூட்டிவிடுங்கள். மந்திரம் அப்போது மெலிதாகத்தான் பதியும், எடிட்டிங்கில் ஏற்றிக்கொள்ளலாம். பிளந்த சத்தத்தை ஒட்டவைக்க முடியாது. பேச்சு மட்டும் என்றால் உச்சம் மைனஸ் 12 போதும். கேமராவின் உள் ஆம்ப் இரைச்சல் போடும் என்பதால் கேமரா லெவலைத் தாழ்த்தி, மைக் ரிசீவரின் வெளியீட்டைக் கூட்டுங்கள். ஹெட்போன் துளை இல்லாத கேமராவில் ஒரு சோதனை கிளிப் எடுத்து ஓட்டிக் கேட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

கையும் கணமும்

ஸ்டில்காரர் எடுக்கும் கிளிப் இரண்டு, மூன்று விநாடியில் முடிந்துவிடுகிறது. எடிட்டருக்கு வெட்ட இடமே இருக்காது. அசைவு தொடங்கும் முன் 3 விநாடி, முடிந்த பின் 3 விநாடி ஓடவிடுங்கள். எந்த கிளிப்பும் 10 விநாடிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஃபிரேமை மாற்ற வேண்டுமென்றால் நிறுத்திவிட்டு மாற்றுங்கள். இன்னொரு கொடுமை, பொத்தானை இரண்டு முறை அழுத்திவிடுவது. ஓடுகிறது என்று நினைக்கும்போது நிற்கும், நிறுத்திவிட்டோம் என்று தோளில் தொங்கவிட்டால் தரையைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும். சிவப்புப் புள்ளியை மட்டும் நம்பாமல், நேர எண் நகர்கிறதா என்று பாருங்கள்.

ரீல்ஸுக்காகக் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் அந்த கிளிப் கல்யாணப் படத்துக்கு ஆகாது. 4கே-யில் படுக்கையாக எடுத்து, நடுவில் 1215×2160 வெட்டினால் ரீல்ஸுக்கான 1080×1920-க்குத் தாராளம். ஆளை நடுவில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"வீடியோவே எடுத்துடலாம், அதிலிருந்து போட்டோ பிரிச்சுக்கலாம்" என்பது தேறாத யோசனை. 4கே ஃபிரேம் 8.3 மெகாபிக்சல். 12×36 ஆல்பத்தில் முழு விரிப்பாகப் போட்டால் அங்குலத்துக்கு 107 புள்ளிதான் வரும். 1/50-ல் எடுத்ததால் தாலி கட்டும் கை கலங்கியும் இருக்கும். முகூர்த்தத்தில் ஒரே ஆள் ஸ்டில்லையும் வீடியோவையும் மாற்றி மாற்றி எடுக்கவும் கூடாது. திரும்பி வரும்போது ஷட்டர் 1/50-லேயே நின்று ஸ்டில்லும் கெடும். இரண்டாவது கேமராவை ட்ரைபாடில் வைட்டாக வைத்து, ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசரை அணைத்து ஓடவிட்டுவிட்டு, கையில் ஸ்டில்லை எடுங்கள். அப்போது உங்கள் பிளாஷ், ஓடும் வீடியோவில் பாதி ஃபிரேமை மட்டும் வெளுக்கவைக்கும். சென்சார் வரி வரியாகப் படிப்பதால் அப்படி ஆகிறது. அந்தச் சில நிமிடங்களுக்குப் பிளாஷை விட்டு, இரண்டு கேமராவுக்கும் பொதுவாக ஒரு எல்.இ.டி. விளக்கு வைப்பதே தீர்வு. பழைய கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும் என்பதால், முகூர்த்தத்துக்குச் சற்று முன் நிறுத்திப் புதிதாகத் தொடங்குங்கள். அதுவரை நேரடி வெயிலோ சூடான ஃபோகஸ் லைட்டோ கேமரா மேல் படாமல், திரையைக் கேமரா உடலிலிருந்து விரித்து வைத்தால் சூடாகி அணைவது குறையும்.

கார்டு

அட்டையில் பெரிதாக '170 எம்.பி.' என்று போட்டிருப்பது படிக்கும் வேகத்தின் உச்சம். பார்க்க வேண்டியது வி30, வி60, வி90 குறிகளை. வி30 என்றால் தொடர்ந்து எழுதும் வேகம் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட். 100 மெகாபிட் 4கே-வுக்கு நொடிக்கு 12.5 மெகாபைட்தான் தேவை, வி30 போதும். அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகும், அதற்கேற்ப கார்டு எண்ணிக்கையைப் போடுங்கள்.

காப்பி செய்யும்போது ஸ்டில் படங்கள் இருக்கும் டி.சி.ஐ.எம். ஃபோல்டரை மட்டும் இழுத்துப் போடுவது ஸ்டில்காரர் வழக்கம். சோனியில் வீடியோ அங்கே இருக்காது. 'பிரைவேட்' ஃபோல்டருக்குள் 'எம்4ரூட்', அதற்குள் 'கிளிப்' என்ற இடத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு ஃபார்மட் கொடுத்தால் வீடியோ மொத்தமும் போய்விடும். ஃபோல்டர் பார்த்து எடுக்காமல் கார்டை முழுசாகக் காப்பி செய்து, இரண்டு டிஸ்க்கில் போட்டு, ஓரிரு கிளிப்பைத் திறந்து சத்தத்தோடு ஓட்டிப் பார்த்த பிறகு ஃபார்மட் செய்யுங்கள்.