கிரிக்கெட் வீடியோவை ஏஐ வைத்து ரீல்ஸாக வெட்டுவது எப்படி?

பொள்ளாச்சி, கோபி, அவிநாசி பக்கம் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமென்ட் என்றால் மேட்ச் முழுக்க யூடியூபில் ஏறிவிடுகிறது. ஊர்ப் பசங்க பார்ப்பதும் பகிர்வதும் ரீல்ஸ்தான். குறுக்குவாட்டில் எடுத்ததை நெட்டுவாக்கில் மாற்ற ஏஐ இருக்கிறதே என்று கேமராவை எங்காவது நிறுத்தினால் வேலை அங்கேயே கெட்டுப்போகும். ஏஐ தேடித் தரும், எழுதித் தரும். பந்தை மட்டும் பிடித்துத் தராது.

காரணம் கணக்குதான். மைதானத்தின் 60 மீட்டர் அகலத்தை வீடியோவின் 1920 பிக்சலில் (திரையின் சிறு புள்ளிகளில்) அடக்கினால் மீட்டருக்கு 32 பிக்சல். டென்னிஸ் பந்தின் விட்டம் ஏறத்தாழ 6.7 செ.மீ.; திரையில் அது 2 பிக்சல் புள்ளி. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வரும்போது, 30 எஃப்பிஎஸ் (விநாடிக்கு 30 படம்) வீடியோவில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு படத்துக்கு, 1 மீட்டர் தாவிவிடும். ஏஐ அதை விட்டுவிட்டுப் பெரிதாகத் தெரியும் ஆளைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் அம்பயரின் முதுகை.

ஆகவே கேமரா பவுலருக்குப் பின்னால், ஸ்டம்புக்கு நேர்கோட்டில், பவுண்டரிக்கு வெளியே நிற்கட்டும். பிட்ச்சின் நீளம் 20.12 மீட்டர். பக்கவாட்டிலிருந்து எடுத்தால் பவுலரும் பேட்ஸ்மேனும் நெட்டு ஃபிரேமில் சேர்ந்து அடங்கவே மாட்டார்கள். பின்னாலிருந்து எடுத்தால் பிட்ச்சே மேலும் கீழுமாக நிற்கும். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பால் ஆடி வளர்ந்த வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் மாதிரி யார்க்கர் போடுகிற பையன் உங்கள் டீமில் இருந்தால், கால் விரலைத் தேடி வரும் பந்து இந்தக் கோணத்தில்தான் தெரியும்.

4கே-யில் எடுங்கள். 3840×2160 ஃபிரேமில் இருந்து ரீல்ஸின் 9:16 நெட்டு வடிவத்தில் வெட்டினால் 1215×2160 கிடைக்கும். ரீல்ஸுக்கு வேண்டிய 1080×1920-க்குத் தாராளம். 1080பி-யில் எடுத்தால் வெட்டியபின் அகலம் 608 பிக்சல்தான். அதை ஏஐ அப்ஸ்கேலரில் போட்டுப் பெரிதாக்கினால் ஜெர்சி நம்பர் குழம்பும், முகம் வேறு யாரோ மாதிரி ஆகிவிடும்.

போன் கேமராவில் கிரிட் கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே இருப்பது 1280 பிக்சல். உங்களுக்கு வேண்டியது 1215. அந்த நடுப்பத்திதான் ரீல்ஸ். பேட்ஸ்மேன் உயரம் ஃபிரேமில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்படி ஜூம் வைத்து, அடித்த பந்தை நடுப்பத்திக்குள்ளேயே வைத்துக் கேமராவைத் திருப்பினால் பாதி எடிட்டிங் மைதானத்திலேயே முடிந்துவிடும். (யூடியூபுக்கு முழு மேட்ச் வேண்டாம் என்றால் போனை நிமிர்த்திப் பிடித்து எடுங்கள். ஏஐ எதற்கு?)

பகலில் ஷட்டர் (ஒரு படம் பதியும் நேரம்) 1/1000 விநாடி. 1/100 வைத்தால் அதே பந்து 30 செ.மீ. கோடாக இழுத்துக்கொள்ளும். ஃப்ளட்லைட் மேட்ச்சில் மட்டும் வேறு வழியில்லை: நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/100 வைத்தால்தான் வெளிச்சம் மினுக்காது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று டிரைபாடையே ஆட்டிவிடும். அதன் கால்களைக் குட்டையாக வைத்து, நடுக்கொக்கியில் மணல் பையைத் தொங்கவிடுங்கள். மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம்.

8 ஓவர் மேட்ச் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 96 பந்து, வைடும் நோபாலும் தனி. அதில் பத்துப் பன்னிரண்டைத் தேட ஏஐ நன்றாக உதவும். கமென்ட்ரியை ஆடியோ மிக்சரில் இருந்து நேராக வயர் போட்டுத் தனியாகப் பதிவு செய்து, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மாதிரியான ஏஐ மாடலில் கொடுத்தால் நேரக் குறிப்போடு எழுத்தாக வரும். தொடக்கக் குறிப்பாக டீம் பெயர்கள், வீரர் பெயர்கள், ‘யார்க்கர்’, ‘ஃபுல் டாஸ்’ ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள், பிழை குறையும். பிறகு ‘சிக்ஸ்’, ‘போல்டு’ மட்டுமல்ல, ‘தூக்கிட்டானுங்க’, ‘போயே போச்சுங்’ என்றும் தேடுங்கள். சொல் வருவது பந்துக்குப் பிறகு என்பதால் 10 விநாடி பின்னால் போய் வெட்ட வேண்டும். யாரும் பேசாத இடத்தில் விஸ்பர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதும். அந்தப் பகுதிகளை முன்பே நீக்கிவிடுங்கள். சத்தம் கூடிய இடத்தை மட்டும் வைத்துத் தேடும் கருவி, பட்டாசையும் பரிசு அறிவிப்பையும் சிக்ஸர் என்று நினைத்துக்கொள்ளும். ஸ்கோரர் ஒவ்வொரு விக்கெட்டுக்கும் மணியைக் குறித்து வைத்தால் சந்தேகமே வராது. அதற்கு முதல் ஓவருக்கு முன் அவர் போன் கடிகாரத்தைக் கேமராவில் ஒருமுறை காட்டினால் போதும்.

வெட்டிய கிளிப்பை நெட்டுவாக்கில் மாற்ற, எடிட்டிங் மென்பொருளான பிரீமியரின் ஆட்டோ ரீஃபிரேமில் போடும்போது ‘ஸ்லோயர் மோஷன்’ தேர்ந்தெடுங்கள். ‘ஃபாஸ்டர்’ வைத்தால் ஃபிரேம் ஆளுக்கு ஆள் தாவும். இன்னொரு மென்பொருளான டாவின்சி ரிசால்வில் அதே வேலை செய்யும் ஸ்மார்ட் ரீஃபிரேம் காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பில்தான் உண்டு. அதில் எதைப் பின்தொடர வேண்டும் என்று காட்டும் குறிப்புப் புள்ளியை பேட்ஸ்மேன் மேல் வையுங்கள். எதுவானாலும் பேட்டில் பந்து படும் வரை ஃபிரேம் அசையக் கூடாது. பட்ட பின் மூன்று கீஃபிரேம் (ஃபிரேம் எங்கே நிற்க வேண்டும் என்ற குறி) கையாலேயே போடுங்கள்: பட்ட கணம், பந்து பாதி வழி, பவுண்டரி. ஏஐ போட்டதைத் திருத்துவதைவிட இது சீக்கிரம் முடியும்.

ஸ்லோ மோஷனுக்கு ஏஐ இடைச்செருகும் ஃபிரேமை நம்பாதீர்கள். பந்து இரண்டாகத் தெரியும் அல்லது காணாமல் போகும். 60 எஃப்பிஎஸ்ஸில் எடுத்து 30 டைம்லைனில் பாதி வேகம் வைத்தால் எல்லாமே நிஜ ஃபிரேம்.

வீடியோ மேல் போடும் எழுத்தை மேலேயும் கீழேயும் தாராளமாக இடம் விட்டு வையுங்கள்; ஓரங்களை லைக் பட்டனும் பெயரும் மறைக்கும். ‘கொங்கு’ என்று அடித்துப் பாருங்கள். ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் அந்த ஆப் தமிழுக்கு ஆகாது.

மைதான ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடியிருந்தால் வீடியோவின் சத்தம் முடக்கப்படலாம். குரலைப் பிரிக்கும் ஏஐ இங்கே கைவிடும்: பாடகர் குரலும் கமென்ட்ரியும் ஒரே பக்கம்தான் வரும். மிக்சரில் பாட்டு சேனலை விட்டுவிட்டு மைக் சேனலை மட்டும் எடுத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஐபிஎல், டிஎன்பிஎல் ஒளிபரப்பை நெட்டுவாக்கில் வெட்டினாலும் உரிமை ஒளிபரப்பாளருடையதுதான், ஸ்ட்ரைக் (காப்புரிமை மீறல் எச்சரிக்கை) வரும். பள்ளிப் பசங்க ஆடும் மேட்ச் என்றால் பெற்றோரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.