இராமநாதபுரக் கரையில் சுடுமண் முகச்சிலை செய்ய

இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் இத்தாலியச் சிற்பிகளான ஆர்த்துரோ மார்த்தினியும் மரீனோ மரீனியும் செய்த சுடுமண் உருவங்களில் மண் மண்ணாகவே இருக்கும். மரீனியின் ‘போப்போலோ’ (1929) ஆணும் பெண்ணுமாக இரண்டு அரையுருவங்கள்; பளிங்கு வழவழப்புக்கு அங்கே வேலையே இல்லை. உரோமுக்கு அருகே ‘வெயி’ என்ற பழைய ஊரில் 1916-இல் தோண்டியெடுத்த சுடுமண் அப்பல்லோ சிலை, உரோமருக்கு முந்தைய எத்ருஸ்கர்கள் செய்தது; அது பேசப்பட்ட காலம் அது. உள்ளீடற்ற உடம்பை, உருட்டிய மண்ணைத் திரி திரியாக அடுக்கி எழுப்பும் அந்த வேலை, புரவி எடுப்புக்குக் குதிரை செய்யும் நம் வேளார்களுக்குப் புதிதல்ல.

நம் கரையில் சிலையைக் கெடுப்பவை உப்பும் சிப்பியும். கடலோர மண்ணைத் தொடாதீர்கள். உள்ளே தள்ளி, வற்றிய கண்மாயின் மண்ணை எடுங்கள். நல்ல தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மூன்று முறை இறுத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு, இடித்துச் சலித்த பானையோட்டுத் தூள் சேருங்கள். கடற்கரை மணல் கூடவே கூடாது. அதிலுள்ள சிப்பித்துகள் சூளையில் சுண்ணாம்பாகி, பிறகு ஈரம் குடித்து உப்பி, கன்னத்தைப் பெயர்த்துவிடும். முதலில் ஒரு வில்லையைச் சுட்டு ஒரு வாரம் வைத்துப் பாருங்கள்.

மண் ஏறக்குறைய பத்து விழுக்காடு சுருங்கும். ஆளளவுத் தலை வேண்டுமானால் தாடையிலிருந்து உச்சிவரை 26 செ.மீ. எழுப்புங்கள். சுவர் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. கழுத்திலிருந்து தொடங்கி, 8 செ.மீ. ஏறியதும் சற்று இறுக விடுங்கள். இல்லையென்றால் தாடை சரியும். கன்னமேட்டையும் புருவத்தையும் வெளியே அப்பாமல், இடக்கையை உள்ளே விட்டு உள்ளிருந்து தள்ளுங்கள். முகத்தில் உயிர்ப்பு வருவது இதனால்தான். மேலிமைக்கு மெல்லிய திரியை வைத்து அதன் மேல் விளிம்பை மட்டும் அழுத்துங்கள். கீழ் விளிம்பின் நிழலே பார்வையைத் தரும். கண்மணி தோண்ட வேண்டாம். மூக்கு 3 செ.மீ.க்கு மேல் தடித்தால் உள்ளே குடையுங்கள். உச்சியைக் கடைசியில் மூடுங்கள். கழுத்து திறந்தே இருக்கட்டும்.

காற்று படும் பக்கம் முந்திச் சுருங்கினால் பிளக்கும். மூக்கிலும் காதிலும் ஈரத்துணி போட்டு, தினமும் திருப்பி, மூன்று வாரம் நிழலில் காயவிடுங்கள்.

சூளையில் எடுத்தவுடன் சீமைக்கருவேலக் கட்டை போட்டால் வெடிக்கும். முதல் ஆறு மணி நேரம் எருமுட்டைக் கங்கு மட்டும். புகைவழியில் காட்டிய குளிர்ந்த தகட்டில் நீர் படியாதபோதே கட்டை. மங்கிய சிவப்பு தெரியும் கட்டத்தில் அவசரப்படாதீர்கள். 573 பாகை செல்சியஸில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற படிகக் கனிமம் சட்டென விரியும். 900 பாகை போதும். மறுநாள்வரை திறக்காதீர்கள்.

ஆறியதும் உடனே நல்ல தண்ணீரில் முக்கி வையுங்கள். சுண்ணாம்பு அங்கேயே நீறிவிடும், உப்பும் கொஞ்சம் இறங்கும். பிறகும் மூக்குநுனியில் வெள்ளை பூத்தால் உலர்ந்த தூரிகையால் மட்டும் துடையுங்கள்; ஈரத்துணி அதைத் திரும்ப உள்ளே அனுப்பும்.