சோளத்தில் அகன்ற இலைக் களைகள்: மருந்தடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

களைக்கொல்லியைத் தாங்கும் சோளம் (மக்காச்சோளம்) எந்த மருந்தையும் தாங்கிவிடும் என்று நம்புவதே பெரிய தவறு. 1998இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கிளைபோசேட் (பயிர், களை என்று பாராமல் கொல்லும் களைக்கொல்லி) தாங்கும் சோளம், மற்றச் சோளத்தைவிடக் கூடுதலாகத் தாங்குவது பெயரில் உள்ள அந்த ஒரு மருந்தைத்தான். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையில் நம்மவர்கள் நடும் இனிப்புச் சோளமோ அந்த வகையே அன்று. வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்து, முளைத்த பயிரின் மேல் கிளைபோசேட் அடித்தால், முள்ளுக்கீரையோடு சோளமும் மஞ்சளாகிச் சாகும்.

அடுத்த தவறு, அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் 2,4-டி மருந்தில் நடக்கிறது. சோளம் புல்லினப் பயிர் என்பதால் அதைத் தாங்குகிறது என்பது உண்மை. ஆனால் அந்தத் தாங்கும் திறன் எல்லாப் பருவத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. பயிர் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரத்தைக் கடந்தபின் குருத்தின் மேல் மருந்து விழுந்தால், இலை விரியாமல் வெங்காயத்தாள் போலச் சுருண்டு நிற்கும், தாங்குவேர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும், தண்டு நொறுங்கும் தன்மை பெறும். அப்படிப்பட்ட தண்டை விரலால் லேசாக வளைத்தாலே கேரட் ஒடிவது போல ஒடியும். மறுநாள் காற்று வீசினால் வரிசையே சாய்ந்துவிடும். வெப்பமும் ஈரமும் சேர்ந்து பயிர் வேகமாக வளரும் நாள்களில் இந்தப் பாதிப்பு கூடும் என்பதால், பினாங்கு வெயிலில் நண்பகலில் அடிப்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். உயர்ந்த பயிரில் மூக்குக் குழாயைத் தாழ்த்தி, வரிசைகளுக்கு இடையில் மட்டும் தெளிக்க வேண்டும். இனிப்புச் சோள ரகங்கள் சில மருந்துகளுக்குக் கூடுதலாக நோகும். முதலில் இரண்டு வரிசையில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

களை பூக்கும்வரை காத்திருந்துவிட்டு மருந்தின் அளவைக் கூட்டுபவர்களும் உண்டு. பத்து சென்டிமீட்டருக்குள் இருக்கும் களை எளிதில் சாகும். முற்றிய முள்ளுக்கீரை முறுக்கிக்கொண்டு மறுபடி தழைக்கும், கூடுதல் மருந்தைச் சோளம்தான் வாங்கிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2,4-டி அடித்த முதுகுப் பம்பைத் தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டு, பெரியப்பா அதிலேயே மிளகாய்க்குப் பூச்சிமருந்து கலந்தார். சில நாளில் மிளகாய் இலைகள் நாடா போல ஒடுங்கின. அன்றிலிருந்து களைக்கொல்லிக்குத் தனிப் பம்பு வைத்திருக்கிறோம்.

2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்ட பாராகுவாட் களைக்கொல்லி கொட்டகையில் மிச்சம் இருந்தாலும், வரிசை நடுவில்கூட அடிக்கக் கூடாது. தண்டையொட்டி முளைக்கும் களையை முதல் நான்கைந்து வாரம் கையால் பிடுங்கிவிட்டால், அதன்பின் சோளத்தின் நிழலே மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.