கத்திரிக்காய் வாங்கறப்போ மூளை போடற கணக்கைப் பிரிச்சுப் பாக்கறது எப்படி

மொதல்ல மக்கன் பேடான்னு ஒரு ஸ்வீட் இருக்கு, அதுல ஒண்ணு எடுத்துக்கோங்க, ஆற்காட்டுல வாங்கினதுன்னா இன்னும் நல்லது. மூக்கைக் கெட்டியா புடிச்சுக்கினு ஒரு துண்டு வாயில போட்டு மெல்லுங்க, வெறும் இனிப்புதான் தெரியும். இப்போ மூக்கை விடுங்க, உள்ள வெச்ச முந்திரி பாதாம் வாசமெல்லாம் குப்புனு வந்து நிக்கும். நாம ருசின்னு சொல்றதுல பெரும்பங்கு தொண்டை வழியா மூக்குக்கு ஏறற வாசனைதாங்க.

நாக்கு சொல்றதும் மூக்கு சொல்றதும் தனித்தனி ரூட்ல போயி, கண்ணுக்கு நேர் மேல இருக்கற ஆர்பிட்டோஃப்ரன்டல் கார்டெக்ஸ்ங்கற மூளைப் பகுதியில ஒண்ணா சேருது. அங்க ஓடற முக்கியமான கணக்கு, இது நமக்கு இப்போ எவ்ளோ வேணும்ங்கறது. ஒரு குரங்குக்கு ஒரே தீனிய வயிறு முட்டக் குடுத்தா அந்தத் தீனிக்கு மட்டும் அங்க இருக்கற நரம்பு செல்லுங்க அடங்கிடும், வேற தீனிக்கு மறுபடி துள்ளும். கல்யாணப் பந்தியில பிரியாணி போதும்போதும்னு கைய மடக்கினவன் ஐஸ்க்ரீம் வந்தா நிமிந்து உக்கார்றான் இல்ல, அது இதான். அதனால பசியோட மார்க்கெட் போகாதீங்க, எல்லாத்தோட மதிப்பும் ஏறிடும்.

இப்போ கத்திரிக்காய்க்கு வாங்க. நம்ம வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய், 2023ல புவிசார் குறியீடு வாங்கினது. கடையில தண்ணி தெளிச்சு வெச்சிருப்பாங்க, பளபளன்னு இருக்கும், கண்ணு உடனே ஃபுல் மார்க் போட்டுடும். 2002ல எர்ன்ஸ்ட், பேங்க்ஸ்னு ரெண்டு பேர் பண்ண சோதனையில கண்ணுக்குக் காட்டறதை மங்கலாக்க மங்கலாக்க மூளை கை சொல்றதை அதிகமா நம்புச்சு, அது பொருளோட ஒயரத்தைப் பத்தின சோதனை, காய் பொறுக்கறதப் பத்தி இல்ல, ஆனா நமக்கு உதவும். இன்னா சிக்கல்னா தண்ணி தெளிச்ச காய் மங்கலா இருக்காது, ரொம்பத் தெளிவாவே பொய் சொல்லும், அதனால கண்ணோட மார்க்கை நீங்களேதான் கொறைக்கணும்.

எப்படின்னா கண்ணை மூடிக்கினு ஒரே சைஸ்ல ரெண்டு காயைக் கைக்கு ஒண்ணா தூக்குங்க, கனமா இருக்கறதை எடுங்க, லேசா அமுக்கினா குழி விழாம திரும்பி வரணும். காம்பு முள்ளு காஞ்சு போகாம சுருக்குனு குத்தணும். "இன்னா கண்ணு, தூக்கம் வருதா"ன்னு கடைக்கார அக்கா கேப்பாங்க, கேக்கட்டும்.