டூல் விவரணையை மாற்றியதும் ஏஜென்ட் சரியாகத் தேடியது

நிரல் எழுதும் எங்கள் ஏஐ ஏஜென்டுக்கு டூல்களைத் தருவது டீமின் எம்சிபி சர்வர் (எம்சிபி என்பது ஏஐ மாடலை வெளி டூல்களோடு இணைக்கும் பொது நெறிமுறை). அதில் தேடுவதற்கு இரண்டு டூல்கள். ஒன்று கோப்பின் பெயரைத் தேடும், இன்னொன்று கோப்புக்குள் இருக்கும் வரிகளைத் தேடும். இரண்டுக்கும் விவரணை மட்டும் ஒன்றுதான்: "புராஜெக்டில் தேடும்". ஒரு ஃபங்ஷனைத் திருத்தச் சொன்னால், ஏஜென்ட் கோப்புப் பெயர்களில் தேடிப் பார்த்து, இல்லை என்று முடிவுகட்டி, அதே ஃபங்ஷனைப் புதிதாக எழுதிவைக்கும்.

ஏஜென்டை இயக்கும் ஏஐ மாடலை விட்டு வேறு மாடலுக்குப் போகலாம் என்றார்கள் டீமில். எனக்கு அதில் உடன்பாடில்லை. டூலுக்குள் இருக்கும் நிரலை மாடல் பார்ப்பதில்லை. பெயர், விவரணை, இன்புட் ஸ்கீமா (என்ன உள்ளீடு, எந்த வடிவில் என்ற வரையறை), இவற்றை வைத்துத்தான் எதை அழைப்பது என்று தீர்மானிக்கிறது.

உள்ளடக்கத்தைத் தேடும் டூலின் விவரணையை இப்படி எழுதினேன் (ரெஜெக்ஸ் என்பது எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடும் முறை): "கோப்புகளின் உள்ளடக்கத்தில் ரெஜெக்ஸ் கொண்டு தேடும். ஃபங்ஷன், வேரியபிள் எங்கே இருக்கிறது என்று அறிய இதை அழைக்கவும். கோப்பின் பெயரைத் தேட இது வேண்டாம். முதல் 100 வரிகள் மட்டுமே வரும். மீதி இருந்தால் தேடலைக் குறுக்கவும்."

அந்தக் கடைசி இரண்டு வரிகளை யாரும் விட்டுவிடாதீர்கள். பட்டியல் பாதியில் வெட்டப்பட்டது தெரியாவிட்டால், வந்ததே முழுசு என்று மாடல் எடுத்துக்கொள்ளும். அதை நம்பிப் பாதி இடங்களில் மட்டும் ஃபங்ஷனின் பெயரை மாற்றினால் பில்டு (நிரலை இயங்கும் வடிவாக்கும் வேலை) உடையும்.

ஸ்கீமாவில், கோப்பின் பாதை புராஜெக்ட் ரூட்டிலிருந்து (அதன் மேல்மட்ட ஃபோல்டரிலிருந்து) தொடங்க வேண்டும் என்று ஓர் உதாரணத்தோடு சேர்த்தேன். "தவறான உள்ளீடு" என்ற எரர் மெசேஜ், "இந்த ஃபோல்டர் இல்லை, முதலில் ஃபோல்டர் பட்டியலை எடுக்கவும்" என்றானது. பிறகு பழைய வேலைகளையே திரும்பக் கொடுத்துப் பார்த்தேன். ஏஜென்ட் நேராக உள்ளடக்கத் தேடலுக்குப் போனது.

விவரணைகள் கான்டெக்ஸ்டில் (மாடல் ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய அளவில்) இடம் பிடிப்பதால், யாரும் தொடாத டூல்களைச் சர்வரிலிருந்து எடுத்துவிட்டேன்.