இரண்டு இயக்குநர்களும் "பணத்தை என்னிடம்தான் தர வேண்டும்" என்று சொன்னால், பணம் தர வேண்டியவர் செய்ய வேண்டியவை

சென்னையின் மணலி, மாதவரம், திருவொற்றியூர்ப் பகுதிகளில் உள்ள சரக்குப் பெட்டகக் கிடங்குகள் பெரும்பாலும் சொந்தமாக டிரெய்லர் வைத்துக்கொள்வதில்லை. துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் இடையே ஓடும் நடைகளுக்கு ஒப்பந்த வாடகை பேசி, பில் வரவரப் பணம் செலுத்துவதே வழக்கம். வண்டி கொடுக்கும் நிறுவனம் பிரைவேட் லிமிடெட் என்று பதிவாகியிருந்தாலும், உள்ளே பார்த்தால் அண்ணனும் தம்பியும் இயக்குநர்களாக இருக்கும் குடும்பத் தொழிலாகவே பல நேரங்களில் இருக்கும். அந்தக் குடும்பத்தில் பிளவு வரும் நாளில், சண்டையில் எந்தப் பங்கும் இல்லாத கிடங்குக்காரர் நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

நான் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு கிடங்குக்கு, ஒரே காலையில், ஒரே நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் இரண்டு கடிதங்கள் வந்தன. இனி எல்லாத் தொகையையும் இந்தப் புதிய கணக்கில் செலுத்துங்கள் என்றது அண்ணனின் கடிதம். அண்ணனுக்கு அதிகாரம் இல்லை, அவர் சொல்லும் கணக்கில் செலுத்தினால் நிறுவனம் பொறுப்பேற்காது என்றது தம்பியின் கடிதம். பல வருடம் பழகிய முகம் என்பதால் எங்கள் மேலாளர் அண்ணன் சொன்ன கணக்கில் ஒரு பில்லைத் தீர்த்துவிட்டார். அதே தொகையை மறுபடி கேட்டுத் தம்பியின் வழக்கறிஞரிடமிருந்து நோட்டீஸ் வந்தது, அந்தச் சிக்கல் தீர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கீழே எழுதியிருப்பவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு தவற்றிலிருந்து கற்றதுதான்.

முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது, நீங்கள் கடன்பட்டிருப்பது அந்த நிறுவனத்துக்கே, அண்ணனுக்கோ தம்பிக்கோ அல்ல என்பது. யார் பக்கம் நியாயம் என்று தீர்மானிக்கும் வேலை உங்களுடையதல்ல. நாளை யார் வென்றாலும் "நிறுவனத்துக்குப் பணம் வந்து சேர்ந்தது" என்பதை அவர் மறுக்க முடியாதபடி செலுத்துவதே உங்கள் வேலை.

முதல் இரண்டு நாட்கள்

கடிதம் வந்த அன்றே, அந்த நிறுவனத்தின் வங்கி விவரத்தை உங்கள் கணக்கு மென்பொருளில் யாரும் மாற்றாதபடி பூட்டிவையுங்கள். தொலைபேசியிலோ வாட்ஸப்பிலோ வரும் எந்தச் சொல்லையும் ஏற்க வேண்டாம் என்று கணக்காளரிடமும், வாயிலில் நடைச் சீட்டு எழுதுபவரிடமும் எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். "ஒரு பில்லு மட்டும் போட்டுடுங்க சார், டீசலுக்குக் கூடக் காசு இல்ல" என்று கேட்கும்போது மறுப்பது கடினம். பாதிப் பேர் சறுக்குவது அந்த இடத்தில்தான்.

பிறகு ஒப்பந்தத்தை எடுத்து, பணம் எந்தக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும், அந்தக் கணக்கை மாற்ற யார் எழுதித் தர வேண்டும், அறிவிப்புகள் எந்த முகவரிக்கு அனுப்பப்பட வேண்டும் என்ற மூன்றையும் தேடுங்கள். நம் ஊரில் பல ஒப்பந்தங்கள் இரண்டு பக்க ஒர்க் ஆர்டரோடு முடிந்துவிடுவதால், இவை எதுவும் அதில் இல்லாமலும் போகலாம். அப்போது இதுவரை வந்த பில்களில் அச்சிட்டிருக்கும் கணக்கு எண்ணும், அதில் நீங்கள் தொடர்ந்து செலுத்திவந்த வங்கி அறிக்கையும்தான் உங்கள் சான்று.

அடுத்து, கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், இப்போது பதிவில் இருக்கும் இயக்குநர்கள் யார், எந்தத் தேதியில் நியமிக்கப்பட்டார்கள் என்பது தெரியும். இயக்குநர் மாற்றத்தை முப்பது நாட்களுக்குள் டிஐஆர்-12 படிவத்தில் பதிய வேண்டும் என்பது விதி. ஆகவே "தம்பியை நீக்கிவிட்டோம்" என்று அண்ணன் சொல்லி இரண்டு மாதமாகியும் பதிவில் தம்பியின் பெயர் இருந்தால், கேள்வி கேட்க வேண்டிய இடம் அது. அதே நேரம், பதிவில் இருப்பதையே இறுதித் தீர்ப்பாகவும் கொள்ளக் கூடாது. படிவத்தைத் தாக்கல் செய்தவரும் சண்டையில் ஒரு தரப்பாக இருக்கலாம்.

பலர் கவனிக்காமல் விடுவது இயக்குநர் குழுத் தீர்மானத்தை. கணக்கை மாற்றச் சொல்பவரிடம் அந்தத் தீர்மானத்தின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி குழுக் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். மொத்த இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது இருவர், இதில் எது அதிகமோ அத்தனை பேர் கூட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டே இயக்குநர்கள் உள்ள நிறுவனத்தில், மற்றவர் வராத கூட்டத்தில் ஒருவர் மட்டும் அமர்ந்து நிறைவேற்றியதாகச் சொல்லும் தீர்மானம் எவ்வளவு நிற்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். நிறுவனத்தின் உள்நடைமுறைகளை வெளியார் துருவிப் பார்க்க வேண்டியதில்லை என்ற பழைய கோட்பாடு, 1856ஆம் ஆண்டின் டர்க்வாண்ட் என்ற ஆங்கிலேய வழக்கிலிருந்து வருவது, நமக்கும் துணை நிற்கும். ஆனால் சந்தேகப்படக் காரணம் கண்ணெதிரே இருக்கும்போது அந்தக் கோட்பாட்டின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. இரண்டு கடிதங்களும் உங்கள் மேசைக்கு வந்துவிட்ட பிறகு, எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லும் வாய்ப்பு போய்விட்டது.

வங்கிக் கணக்கின் பெயரை மட்டும் சரிபார்த்துத் திருப்தி அடையாதீர்கள். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதி 2025 ஏப்ரல் முதல் வங்கிகளில் இருக்கிறது. புதிய கணக்கு ஒரு தனிநபரின் பெயரிலோ வேறொரு பெயருள்ள நிறுவனத்தின் பெயரிலோ இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அதே நிறுவனத்தின் பெயரில், ஒருவர் மட்டும் கையெழுத்திடும்படி திறந்த இரண்டாவது கணக்கை அது காட்டிக்கொடுக்காது.

இருவருக்கும் ஒரே கடிதம்

பதில் கடிதத்தை ஒரே நாளில், ஒரே வாசகத்தோடு, நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கும் இரு இயக்குநர்களுக்கும் விரைவு அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு வேறொன்றும் எழுதினால், அந்த இரண்டு கடிதங்களும் ஒருநாள் நீதிமன்றத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்படும். வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"தங்கள் நிறுவனத்துக்கு நாங்கள் செலுத்த வேண்டிய, இணைப்பில் உள்ள பில்களின்படியான தொகையை நாங்கள் மறுக்கவில்லை, செலுத்த ஆயத்தமாகவும் இருக்கிறோம். தொகையை எக்கணக்கில் செலுத்த வேண்டும் என்பது குறித்துத் தங்கள் இயக்குநர்களிடமிருந்து ஒன்றுக்கொன்று முரணான இரு அறிவுறுத்தல்கள் வந்துள்ளன. இக்கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் இயக்குநர்கள் இருவரும் கையொப்பமிட்ட கடிதமோ, நீதிமன்றம் அல்லது தீர்ப்பாயத்தின் உத்தரவோ கிடைக்காவிடில், இதுவரை செலுத்திவந்த கணக்கிலேயே தொகையைச் செலுத்துவோம். அக்கணக்கில் செலுத்துவதற்குச் சட்டத் தடை ஏதேனும் இருப்பின் அதன் நகலை உடனே அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்."

கடனை ஒப்புக்கொள்ளும் முதல் வாக்கியம் உங்களுக்கு எதிரானதாகத் தோன்றலாம், ஆனால் அதுதான் உங்களைக் காக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, செலுத்த முன்வந்தும் மறுதரப்பு ஏற்காதபோது, செலுத்தப்படாமல் போனதற்கு முன்வந்தவர் பொறுப்பாக மாட்டார் என்கிறது. தொகையிலோ தரத்திலோ உங்களுக்கு உண்மையான தகராறு இருந்தால் மட்டும் அதைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள். இருவரின் சண்டையைச் சாக்காக வைத்துப் பணத்தை இழுத்தடிப்பவர் என்ற பெயர் வந்துவிட்டால், இரு தரப்பும் உங்களுக்கு எதிராக ஒன்றுசேர்ந்துவிடும்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு

நிறுத்திவைப்பதே பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. டிரெய்லர் நிறுவனம் அரசின் உத்யம் தளத்தில் பதிவான குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும்; அந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகவும் காட்ட முடியாது. ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் பணம் செலுத்தாவிட்டால் எடுத்த உள்ளீட்டு வரி வரவை (பில்லில் உள்ள வரியை உங்கள் வரியில் கழித்துக்கொண்டதை) வட்டியோடு திருப்ப வேண்டும்; பிறகு செலுத்தும்போது மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே வரி கட்டுபவரானால் இந்தக் கவலை இல்லை. டிடிஎஸ், அதாவது மூலத்திலேயே பிடிக்கும் வருமான வரி, பிடிக்க வேண்டியதாக இருந்தால் பில்லைக் கணக்கில் ஏற்றும்போதே பிடிக்க வேண்டியது. பணத்தை நிறுத்திவைத்திருக்கிறோம் என்று அதையும் நிறுத்தாதீர்கள்.

ஏழு நாள் கெடு முடிந்து தடை உத்தரவு எதுவும் வராவிட்டால், பழைய கணக்கில் செலுத்திவிட்டு, பில் எண் வாரியாக விவரத்தை இருவருக்கும் அனுப்புங்கள். காசோலை என்றால் நிறுவனத்தின் பெயரில், அக்கவுண்ட் பேயீ கோடிட்டு மட்டுமே கொடுங்கள். ரொக்கம் எந்தச் சூழலிலும் வேண்டாம்.

பழைய கணக்கை வங்கியே முடக்கி, வரும் பணத்தையும் ஏற்க மறுக்கிறது என்றால், நீதிமன்றத்தை நாட வேண்டியதுதான். தனக்குப் பங்கு இல்லாத ஒரு தொகையை இரண்டு பேர் எதிரெதிராகக் கோரும்போது, அதை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு, யாருக்கு என்று நீதிமன்றமே தீர்க்கட்டும் என்று கேட்கும் வழக்குக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 88ஆம் பிரிவு இடம் தருகிறது. வழக்கறிஞர்கள் இதை இன்டர்பிளீடர் என்பார்கள். நீங்கள் இருவரில் எவரோடும் கூட்டுச் சேரவில்லை என்று சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டியிருக்கும். முன்பு அண்ணனின் பேச்சைக் கேட்டுச் செலுத்திய எங்கள் மேலாளர் தடுமாறியது இந்த இடத்தில்தான். இருவரும் நிறுவனத்தின் பெயரிலேயே கேட்பதால் இந்த வழக்கு பொருந்துமா என்பதைத் உயர் நீதிமன்றத்தை ஒட்டிய தம்புச் செட்டித் தெரு வழக்கறிஞர் ஒருவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இருவரின் உரிமையையும் முறையாகத் தீர்க்கக்கூடிய வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் தனி இன்டர்பிளீடருக்கு இடமில்லை. இயக்குநர் சண்டைகள் வழக்கமாகப் போவது ராஜாஜி சாலையிலுள்ள தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்கு. அங்கே மனு நிலுவையில் இருந்தால், தொகையை எங்கே செலுத்துவது என்று அங்கேயே உத்தரவு கேட்பது செலவும் குறைவு, வேலையும் குறைவு.

வண்டிகள் என்ன ஆகும்

பழைய பாக்கியையும் புதிய நடைகளையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். கடிதம் வந்த தேதியில் கணக்கை ஒரு கோடு போட்டு மூடி, அதற்குப் பின் வரும் ஒவ்வொரு வண்டிக்கும் எந்த நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணில் பில் வரும் என்பதை வண்டி உள்ளே நுழையும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். தம்பி புதிதாக ஒரு நிறுவனம் தொடங்கி அதே டிரெய்லர்களை அனுப்பினால், வண்டிப் பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பழைய நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தால் அந்த வாடகையும் நாளை தகராறுக்குள் வந்துவிடும்.

கோபத்தில் ஒரு தரப்பு டிரெய்லரை வாயிலின் குறுக்கே நிறுத்துவதும், ஏரியா ஆள் யாரையாவது அழைத்துவந்து பேசச் சொல்வதும் நடக்கக்கூடியவையே. வாயிலை மறித்தால் காவல் நிலையத்தில் அதற்கு மட்டும் புகார் கொடுங்கள். பணம் யாருக்கு என்ற கேள்வியை அங்கே கொண்டுபோகாதீர்கள். நிலையத்தில் "சமாதானமாக" எழுதி வாங்கும் காகிதம் உங்கள் கடனைத் தீர்க்காது.

கடைசியில் அண்ணன் தம்பி சமாதானமாகிவிட்டார்கள் என்று செய்தி வந்தாலும், சொல்லை நம்பி உடனே மீதியைச் செலுத்த வேண்டாம். பில் வாரியாக மீதித் தொகை, செலுத்த வேண்டிய கணக்கு எண், முன்பு செலுத்தியவை அனைத்தும் நிறுவனத்துக்குச் சேர்ந்தன என்ற உறுதி, ஏற்கெனவே அனுப்பிய நோட்டீஸ்கள் திரும்பப் பெறப்பட்டன என்ற வரி, இவை அனைத்தும் உள்ள ஒரே தாளில் இருவரின் கையெழுத்தையும் நிறுவன முத்திரையையும் வாங்குங்கள். எங்கள் விஷயத்தில் அந்தத் தாளில் தம்பியின் கையெழுத்து விழ மேலும் மூன்று வாரம் ஆனது. மேலாளர் தவறாகச் செலுத்திய பில்லும் அதில் ஒரு வரியாக இடம்பெற்ற பிறகே மீதிப் பணத்தை அனுப்பினோம்.